கடல் தந்த காசு: சோழியின் வரலாறும் நமக்கான படிப்பினையும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், நாம் ஓதிக்கொடுக்கும் மக்தபில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் புதிதாகச் சேர்ந்தான். அவன் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு. அதன் நுனியில் ஒரு சிறு சோழி. 'இது என்னப்பா?' என்று கேட்டோம். 'கண்ணு படாம இருக்க உம்மம்மா கட்டினாங்க ஹஜ்ரத்' என்றான். பக்கத்திலிருந்த பெரிய மாணவன் ஒருவன், 'ஹராம், அறுத்துப் போடு' என்று கை நீட்டினான். சிறுவனின் கண்கள் கலங்கிவிட்டன.

நாம் அந்தக் கையைத் தடுத்தோம். கயிற்றை அறுப்பது ஒரு நொடி வேலை. ஆனால் அந்தச் சோழி என்னவென்று அறுப்பவனுக்கும் தெரியாது, அணிந்தவனுக்கும் தெரியாது. மாணவர்களைக் கேட்டபோது ஒருவன் பல்லாங்குழிக் காய் என்றான். மற்றொருவன் தாயம் உருட்டுவது என்றான். இன்னொருவன் இராமேஸ்வரம் கடையில் சாவிக்கொத்தோடு சேர்த்து விற்பார்கள் என்றான். அது ஓர் உயிரினம் வாழ்ந்த வீடு என்றோ, பல நூற்றாண்டுகள் உலகின் பாதியைச் சுற்றிய காசு என்றோ, அதைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள் என்றோ அங்கே யாரும் அறிந்திருக்கவில்லை. அன்று தொடங்கி ஒரு வாரம், பாடம் முடிந்த பின் பத்து நிமிடங்கள் அந்தச் சோழியின் வரலாற்றைச் சொன்னோம். அதையே இங்கு வாசகப் பெருமக்களுக்கும் எழுத முனைகிறோம்.

படைப்பின் அழகு

சோழி என்பது வெப்பமண்டலக் கடல்களில் வாழும் ஒரு சிறு நத்தையின் ஓடு. பழைய தமிழில் கவடி என்றும், நாட்டு மருத்துவர்களிடையே பலகறை என்றும் இதற்குப் பெயருண்டு. சோழிகளில் பல இனங்கள் உள்ளன. நாம் பேசவிருப்பது அவற்றுள் மஞ்சள் கலந்த வெண்மை நிறமுடைய, பெரும்பாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேற்படாத ஓர் இனம். 1758இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயரிட்டபோது, காசு என்று பொருள்படும் 'மொனேட்டா' என்ற இலத்தீன் சொல்லையே சூட்டினார்.

செங்கடலும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையும் தொடங்கி, இந்தியப் பெருங்கடலைக் கடந்து, பசிபிக் தீவுகள் வரை இது வாழ்கிறது. அலை விலகினால் தரை தெரியும் ஆழமற்ற பவளப் பாறைத் திட்டுகளே இதன் இருப்பிடம். பகலில் கல்லிடுக்கில் ஒடுங்கியிருந்து, இருட்டியபின் வெளிவந்து பாறைமேல் படர்ந்த பாசியை மேய்கிறது. பெண் நத்தை தான் இட்ட முட்டைகளின் மேல் அமர்ந்து அவற்றைக் காக்கிறது.

சோழியைக் கையில் எடுத்தவர்கள் அதன் வழவழப்பைக் கண்டு வியந்திருப்பார்கள். யாரோ மெருகேற்றியது போலிருக்கும். மற்ற சங்கு சிப்பிகளின் வெளிப்புறம் கடலில் கிடந்து சொரசொரப்பாகிவிடுகிறது. இந்த நத்தையோ தன் மேலாடை போன்ற மெல்லிய தசையை இருபுறமிருந்தும் விரித்து ஓட்டை மூடிக்கொள்கிறது. அந்தத் தசையே ஓட்டின் மேல் அடுக்கடுக்காகப் பூச்சிட்டு, கீறலும் அழுக்கும் படாமல் காக்கிறது. கடலிலிருந்து நீங்கள் அணியும் ஆபரணங்களை எடுக்கிறீர்கள் என்று இறைவன் தன் அருட்கொடைகளை நினைவூட்டும் இடம் அந்நஹ்ல் அத்தியாயத்தின் 14ஆம் வசனத்தில் உள்ளது. அதை ஓதும்போது நம் மனம் முத்துக்கும் பவளத்துக்கும் மட்டுமே செல்கிறது. காலடியில் கிடக்கும் இச்சிறு ஓடும் அவன் படைப்பே.

மாலத்தீவின் செல்வம்

இந்த இனம் பல கடல்களில் இருந்தும், உலகச் சந்தைக்கு அதை வாரி வழங்கியது மாலத்தீவு. அங்குக் கிடைத்தவை அளவில் சிறியவை, ஒன்றுபோலவே இருப்பவை, எண்ணற்றவை. திவெஹி மொழியில் அவற்றை 'போலி' என்பார்கள். நம் மொழியில் அச்சொல் வேறு பொருள் தருவதைக் கேட்டு மாணவர்கள் சிரித்தார்கள். உண்மையில் போலி செய்ய முடியாத காசு அது. தங்கத்தில் செம்பு கலக்கலாம், வெள்ளியின் விளிம்பைச் சுரண்டலாம், சோழியை யாரும் வார்த்துவிட முடியாது. அது உடையாது, துருப்பிடிக்காது, எலி தின்னாது. எண்ணிக் கொடுக்கலாம், மூட்டையாக நிறுத்தும் கொடுக்கலாம்.

கி.பி. 851இல் தொகுக்கப்பட்ட சீன இந்தியச் செய்திகள் பற்றிய அரபு நூலிலேயே இத்தீவுகளின் அரசி சோழிகளைச் செல்வமாகச் சேமித்து வைத்திருந்த செய்தி இடம்பெற்றுள்ளது. பத்தாம் நூற்றாண்டில் அல்மஸ்ஊதியும், பதினோராம் நூற்றாண்டில் அல்பீரூனியும் இத்தீவுகளின் சோழிகளைக் குறிப்பிட்டுள்ளனர். இவையெல்லாம் மாலத்தீவு மக்கள் இஸ்லாத்தைத் தழுவுவதற்கு முந்தைய செய்திகள். அவர்கள் இஸ்லாத்தை ஏற்றது 1153ஆம் ஆண்டு என்பது அந்நாட்டு மரபு.

காழி கண்ட கணக்கு

சோழியைப் பற்றி மிகத் தெளிவாக எழுதியவர் தஞ்சா நகரில் 1304இல் பிறந்த இப்னு பதூதா (ரஹ்). கோழிக்கோட்டில் கப்பல்கள் சிதைந்து, உடைமைகளை இழந்து, அலைந்து திரிந்தபின் 1343இல், ஹிஜ்ரி 744இல், அவர் மாலத்தீவை அடைந்தார். அப்போது அங்கு ஆட்சி செய்தவர் சுல்தானா கதீஜா. மார்க்கக் கல்வி கற்ற பயணி என்பதால் அவரையே காழியாக நியமித்தார்கள். நம் தமிழகத்தோடும் அவருக்கு உறவுண்டு. மதுரையை ஆண்ட சுல்தான் கியாஸுத்தீன் தாமகானியின் மனைவியும் இப்னு பதூதாவின் மனைவியரில் ஒருவரும் உடன்பிறந்தவர்கள். மாலத்தீவிலிருந்து புறப்பட்ட பின் இலங்கைக்குச் சென்று, அங்கிருந்து மதுரைச் சீமைக்கு அவர் வந்தார்.

மாலத்தீவில் சோழி எவ்வாறு எடுக்கப்படுகிறது என்பதை அவர் பதிவு செய்திருக்கிறார். கடலிலிருந்து உயிரோடு எடுத்து, கரையில் தோண்டிய குழிகளில் இடுவார்கள். சதை அழுகி மறைந்தபின் வெண்ணிற ஓடு எஞ்சும். நூறு சோழிக்கு ஒரு பெயர், எழுநூறுக்கு ஒரு பெயர், பன்னிரண்டாயிரத்துக்கு ஒரு பெயர். ஒரு இலட்சம் சேர்ந்தால் அது ஒரு 'புஸ்தூ'. நான்கு புஸ்தூ, அதாவது 4,00,000 சோழி, ஒரு பொன் தீனாருக்குச் சமம். சில வேளைகளில் விலை வீழ்ந்து, ஒரு தீனாருக்கு அதைவிட மிக அதிகமான சோழி கொடுப்பார்கள். அவர் அங்குச் சென்றபோது, கைச்செலவுக்கென்று அமைச்சர் அவருக்கு ஒரு இலட்சம் சோழி அனுப்பினார். கேட்பதற்குப் பெருந்தொகை. கணக்குப் பார்த்தால் கால் தீனார்.

வங்காளத்து மக்கள் அரிசி கொண்டுவந்து சோழி வாங்கிச் செல்வார்கள், அங்கும் அதுவே காசு என்கிறார். யமன் நாட்டார் தம் கப்பல்கள் தள்ளாடாமல் இருக்க அடித்தட்டில் மணலுக்குப் பதிலாகச் சோழியை நிரப்பிக்கொள்வார்கள் என்கிறார். மணலின் இடத்தில் போட்டு வைக்கும் அளவுக்கு அது அங்கே மலிவு.

ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்குப் பின், 1352இல், அதே இப்னு பதூதா சஹாரா பாலைவனத்தைக் கடந்து மாலி நாட்டுக்குச் சென்றார். அங்கும் காவோ நகரிலும் சந்தையில் அதே சோழியைக் கண்டார். அங்கே ஒரு பொன் தீனாருக்கு 1,150 சோழி. மாலத்தீவில் நான்கு இலட்சம், மாலியில் ஆயிரத்து நூற்றைம்பது. மதிப்பு ஏறத்தாழ 350 மடங்கு உயர்ந்திருக்கிறது. ஒரு சோழி ஒரு கிராமுக்குச் சற்று அதிகம் என்று வைத்துக்கொண்டால், மாலேயில் ஒரு தீனாரை ஈடுகட்ட நானூறு கிலோவுக்கும் மேல் மூட்டை கட்ட வேண்டும். மாலியில் ஒன்றேகால் கிலோ போதும். இரண்டு சந்தைகளையும் தம் கண்ணால் பார்த்து, இரண்டு விலைகளையும் எழுதி வைத்தார் அந்தப் பயணி.

இடையிலிருந்த பாதை எத்தகையது? இந்தியப் பெருங்கடலையும் செங்கடலையும் கடந்து எகிப்து, அங்கிருந்து மக்ரிப், பின்னர் ஒட்டகங்களின் முதுகில் பாலைவனம். மொரித்தானியாவின் ஆளில்லாப் பாலையில், மணலில் புதையுண்ட ஒரு வணிகக் கூட்டத்தின் சரக்கை 1964இல் பிரெஞ்சு அறிஞர் தியோதோர் மோனோ கண்டுபிடித்தார். பித்தளைக் கம்பிகளோடு சோழிகளும் அதில் இருந்தன. சில நூற்றாண்டுகளுக்கு முன் யாரோ திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று மறைத்து வைத்து, வராமலே போன சரக்கு அது.

ஏழையின் கைக்காசு

சீனப் பேரரசின் கடற்படைத் தளபதி செங் ஹோவுடன் மொழிபெயர்ப்பாளராகப் பயணித்த மா ஹுவான் என்ற சீன முஸ்லிமும் பதினைந்தாம் நூற்றாண்டில் மாலத்தீவுச் சோழிகளைப் பற்றி எழுதினார். மலையெனக் குவித்து, சதை அழுகியபின், சயாமுக்கும் வங்காளத்துக்கும் காசாக விற்கிறார்கள் என்பது அவர் தரும் செய்தி. 1602இல் அங்கே கப்பல் உடைந்து ஐந்து ஆண்டுகள் தங்க நேர்ந்த பிரெஞ்சுக்காரர் பிரார், அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கிச் சோழி பொறுக்குவதைக் கண்டார். தென்னங்கீற்றுக் கூடைகளில் பன்னிரண்டாயிரம் பன்னிரண்டாயிரமாகக் கட்டுவார்கள் என்றும், வேறு சரக்கே இல்லாமல் சோழி மட்டும் ஏற்றிய முப்பது நாற்பது கப்பல்கள் ஓராண்டில் வங்காளம் செல்வதைக் கண்டதாகவும் அவர் எழுதினார். இப்னு பதூதா சொன்ன அதே பன்னிரண்டாயிரம், இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின்னும் மாறவில்லை.

வங்காளத்தில் நான்கு சோழி ஒரு கண்டா, இருபது கண்டா ஒரு பணம், பதினாறு பணம் ஒரு காஹன். பதினெட்டாம் நூற்றாண்டில் நான்கு காஹன், அதாவது 5,120 சோழி, ஒரு வெள்ளி ரூபாய்க்குக் கணக்கு. செல்வந்தர் வீட்டுப் பெட்டியில் பொன்னும் வெள்ளியும் இருந்தன. ஒரு கை கீரை வாங்கவும், சிறிது உப்பும் எண்ணெயும் வாங்கவும் வெள்ளி ரூபாய் எதற்கு உதவும்? கூலிக்காரனும் காய்கறி விற்கும் பெண்ணும் சோழியால் வாழ்ந்தார்கள். சில்ஹட் மாவட்டத்தில் 1778க்குப் பின் கலெக்டராக இருந்த ராபர்ட் லிண்ட்சே, அம்மாவட்டத்தின் இரண்டரை இலட்ச ரூபாய் வரியும் சோழியாகவே வந்து சேர்ந்ததையும், அதை வைக்கக் கிடங்குகளும் டாக்காவுக்குக் கொண்டுசெல்லப் படகுகளும் தேவைப்பட்டதையும் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார்.

பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனி வரியை வெள்ளியில்தான் செலுத்த வேண்டுமென்று விதித்தது. ஒடிசாவை 1803இல் கைப்பற்றியபின் அங்கும் அவ்வாறே செய்தது. விவசாயியின் கையில் இருந்ததோ சோழி. எல்லோரும் ஒரே நேரத்தில் வெள்ளியைத் தேடியபோது சோழியின் விலை சரிந்தது. அதே வரிக்கு முன்னைவிட அதிகச் சோழி, அதிக நெல். 1817இல் பக்ஷி ஜகபந்துவின் தலைமையில் மூண்ட பைக்கர் கிளர்ச்சிக்குக் கூறப்படும் காரணங்களுள் இதுவும் ஒன்று. எந்தப் பணம் செல்லும், எது செல்லாது என்று மேலிருந்து ஓர் ஆணை பிறக்கும்போது, அதன் சுமை முதலில் விழுவது சிறுகாசை நம்பி வாழும் தோள்களில்தான். இதை விளக்க நாம் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. மாணவர்களின் வீட்டுப் பெரியவர்களுக்கே நினைவிருக்கும்.

மனிதனை வாங்கிய சோழி

இந்த வரலாற்றின் அடுத்த பகுதியைச் சிறுவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்று நாம் தயங்கினோம். சொல்லாமல் விட்டால் அது பாதி உண்மையாகிவிடும் என்பதால் சொன்னோம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் சோழி காசாகச் செல்வதை அறிந்த போர்த்துகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் அதைக் கப்பலில் ஏற்றி அங்கே கொண்டு சேர்த்தனர். அவர்களைத் தொடர்ந்து இலங்கையின் துறைமுகங்களைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் அங்கிருந்தும், ஆங்கிலேயர்கள் வங்காளத்திலிருந்தும் சோழி ஏற்றினர். ஐரோப்பாவுக்குச் செல்லும் கப்பலின் அடித்தட்டில் பாரமாகக் கிடந்த சோழி, ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் ஏலம் விடப்பட்டது. ஏலத்தில் எடுத்தவர்களுள் பெரும்பாலோர் அடிமை வணிகர்கள். அங்கிருந்து ஊய்தா போன்ற மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்களுக்கு அது சென்றது. துணி, இரும்பு, துப்பாக்கி, மது ஆகியவற்றோடு சோழியையும் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். வாங்கப்பட்டவர்கள் அட்லாண்டிக் கடலைக் கடந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் மட்டும் டச்சு, ஆங்கிலக் கப்பல்கள் ஏற்றிய சோழி ஏறத்தாழ 1,000 கோடி என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். நிறையில் அது பதினோராயிரம் டன்னுக்கும் மேல்.

மாலத்தீவுக் கரையில் இடுப்பளவு நீரில் நின்று சோழி பொறுக்கிய அந்தப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். மாதத்தில் இருமுறை, தன் குழந்தைகளின் அரிசிக்காகப் பொறுக்கினாள். அவள் பாவம் எதுவும் செய்யவில்லை. அவள் கூடையில் இட்ட ஓடு எங்கே போகிறது, யார் வீட்டுப் பிள்ளையின் விலையாகப் போகிறது என்பதை அவள் அறிந்திருக்க வழியுமில்லை. அறிந்தும் விற்றவர்களும், அறிந்தும் வாங்கியவர்களும் வேறு.

இங்கே நாம் ஐரோப்பியர்களை மட்டும் சுட்டிக்காட்டி முடித்துக்கொண்டால் அது நீதியாகாது. நமக்கோ நம் பெற்றோருக்கோ எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கும்படி அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் கட்டளையிடுகிறது. சஹாரா பாலைவனத்தின் வழியாகவும் பல நூற்றாண்டுகள் அடிமை வணிகம் நடந்தது. அதில் முஸ்லிம் வணிகர்களும் இருந்தனர். 1353இல் தகத்தா நகரிலிருந்து இப்னு பதூதா நாடு திரும்பிய வணிகக் கூட்டத்தில் அறுநூறு அடிமைப் பெண்கள் இருந்தார்கள். சோழியின் விலையை எழுதிய அதே பேனா, அதே அமைதியோடு இந்த எண்ணிக்கையையும் எழுதிச் செல்கிறது. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு நெஞ்சு கனக்கிறது.

மனசாட்சியோடு கேள்வி எழுப்பியவர்களும் நம் முன்னோர்களில் இருந்தார்கள். திம்புக்துவின் பேரறிஞர் அஹ்மத் பாபா (ரஹ்) அவர்களுள் ஒருவர். மொராக்கோப் படை திம்புக்துவைக் கைப்பற்றியபின், அவரையே விலங்கிட்டு மராகிஷுக்குக் கொண்டுசென்றது. நீண்ட காலம் ஊர் திரும்ப முடியாமல் வாழ்ந்து, 1608இல்தான் திம்புக்துவை அடைந்தார். 1615இல் அடிமை வணிகம் பற்றி அவரிடம் கேட்கப்பட்ட வினாக்களுக்கு ஒரு நூலாகவே விடையளித்தார். சுதந்திரமான முஸ்லிமைப் பிடித்து விற்பது செல்லாது என்றும், கறுப்பு நிறம் ஒருவரை அடிமையாக்கும் காரணமாகாது என்றும் அவர் உறுதியாக எழுதினார். அடிமைமுறை முழுவதையும் அவர் மறுத்தார் என்று நாம் கூறவில்லை. அவர் அக்கால மனிதர். ஆனால் சந்தை கேட்க விரும்பாத கேள்வியை அவர் கேட்டார். சுதந்திரமான மனிதனை விற்று அதன் விலையை உண்டவனுக்கு மறுமையில் அல்லாஹ்வே எதிர்வாதியாக நிற்பான் என்ற கருத்துடைய ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அந்த எச்சரிக்கையை ஓதியவர்கள் எத்தனை பேர், அதற்கு அஞ்சியவர்கள் எத்தனை பேர் என்பதை அவன் ஒருவனே அறிவான்.

காசு எப்போது செல்லாக்காசு ஆகிறது?

பிரிட்டன் 1807இல் அடிமை வணிகத்தைச் சட்டத்தால் தடுத்தபின் சோழி வணிகம் சற்றுத் தளர்ந்தது. பின்னர் ஆப்பிரிக்கப் பனை எண்ணெய்க்கு ஐரோப்பாவில் தேவை பெருகவே, மீண்டும் எழுந்தது. 1840களின் நடுவில் ஹாம்பர்க் நகர வணிகர்கள் சன்சிபார் கரையில் கிடைத்த வேறொரு சோழி இனத்தைக் கப்பல் கப்பலாக மேற்கு ஆப்பிரிக்காவில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். மாலத்தீவுச் சோழியைவிட அது பெரியது, மலிவானது. 1851இல் கானோ நகருக்குச் சென்ற ஜெர்மானியப் பயணி ஹைன்ரிக் பார்த், ஒரு வெள்ளி டாலருக்கு 2,500 சோழி என்று குறித்தார். அதன்பின் மதிப்பு தொடர்ந்து சரிந்தது. இறுதியில் சோழியைச் சுமக்கும் கூலி அதன் மதிப்பைவிட அதிகமாயிற்று. காலனி அரசுகள் தம் நாணயத்தைப் புகுத்தின. பானைகளில் சோழி சேர்த்து வைத்திருந்த குடும்பங்களின் சேமிப்பு ஓட்டுக் குவியலாயிற்று.

பணத்தின் மதிப்பு எங்கிருக்கிறது என்ற கேள்வியை நம் இமாம்கள் வெகுகாலத்துக்கு முன்பே ஆராய்ந்துள்ளனர். மக்கள் தோலைக் காசாக வழங்கத் தொடங்கிவிட்டால், அதைப் பொன்னுக்கும் வெள்ளிக்கும் தவணையில் விற்பதைத் தாம் வெறுப்பதாக இமாம் மாலிக் (ரஹ்) கூறிய கருத்து முதவ்வனாவில் உள்ளது. மக்களின் வழக்கம் ஒரு பொருளைப் பணமாக்க முடியும் என்பதும், பணமாகிவிட்டால் வட்டியின் வாசல் அங்கும் திறக்கும் என்பதும் இதன் உட்பொருள். ஷாஃபிஈ மத்ஹபின் முந்தைய நூல்களோ, செப்புக் காசுகள் புழக்கத்தில் இருந்தாலும் பொன் வெள்ளியின் வட்டிச் சட்டம் அவற்றுக்குப் பொருந்தாது என்றே கூறின. எகிப்தில் செப்புக் காசு பெருகி விலைவாசி ஏறிப் பஞ்சம் வாட்டியதை அல்மக்ரீஸி (ரஹ்) பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தனி நூலாகவே எழுதினார். நம் காலத்தில், 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, காகிதப் பணம் முழுமையான பணமே என்றும், ஜகாத்தும் வட்டி பற்றிய சட்டங்களும் அதற்கும் உரியவை என்றும் தீர்மானித்தது.

நம் சட்டைப் பையிலுள்ள ரூபாய்த்தாளும் ஒருவகையில் சோழியே. வாங்குபவரும் கொடுப்பவரும் ஒப்புக்கொள்ளும் வரை அது செல்லும். அதனால்தான் ஒப்பந்தத்தில் நேர்மையும் அளவையில் நாணயமும் தேவைப்படுகின்றன. அந்த நேர்மைக்கு நம் தமிழிலேயே 'நாணயம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சோழி போயிற்று, பெயர் நின்றது. நைஜீரியாவின் ஹவுஸா மொழியில் பணத்துக்கு இன்றும் 'குடி' என்றே பெயர். சோழி என்பதன் பன்மைச் சொல் அது. கானா நாட்டின் நாணயமான 'செடி'யும் அகான் மொழியில் சோழியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்ததே.

கழுத்துக் கயிறு

இனி அந்தச் சிறுவனிடம் வருவோம். இப்னு பதூதா சோழியைக் குறிக்கப் பயன்படுத்திய அரபுச் சொல் 'வதஅ'. ஹதீஸ்களை ஓதியவர்களுக்கு இது புதிய சொல்லன்று. தாயத்துத் தொங்கவிடுவதையும் வதஆவைத் தொங்கவிடுவதையும் நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி, உக்பா இப்னு ஆமிர் (ரலி) வழியாக முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது. கண்ணேறு படாதிருக்கக் குழந்தைகளின் கழுத்தில் சோழி கட்டும் வழக்கம் அன்றைய அரபிகளிடமும் இருந்தது. அதே ஓடுதான், அதே நோக்கத்தோடு, பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் நம் மக்தபின் பாய்மேல் அமர்ந்திருந்தது.

ஒரு வாரக் கதையும் முடிந்த நாளில் நாம் அச்சிறுவனிடம் ஒன்றே ஒன்று கேட்டோம். 'இந்த நத்தையைக் கல்லிடுக்கிலிருந்து பிடித்துக் குழியில் போட்டார்களே, அதால் தன்னைக் காத்துக்கொள்ள முடிந்ததா?' அவன் இல்லையென்று தலையசைத்தான். 'தன்னையே காத்துக்கொள்ள முடியாதது உன்னைக் காக்குமா?' அவன் பதில் சொல்லவில்லை. சோழியைத் தடவிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

இரண்டு நாள் கழித்து அவனுடைய உம்மம்மா வாசலில் வந்து நின்றார். கோபமாக வந்திருப்பார் என்று நினைத்தோம். 'புள்ள ராத்திரி பூரா சோழிக் கதையே சொல்லுது ஹஜ்ரத். எங்க உம்மா எனக்குக் கட்டினது, அதான் அவனுக்குக் கட்டினேன். கண்ணுக்கு வேற என்ன செய்யிறது?' என்று கேட்டார். அந்தக் கயிற்றில் இருந்தது அறியாமை மட்டுமன்று, பேரன் மீதான அன்பும் அச்சமும் இருந்தன. அதை அவசரமாக அறுத்திருந்தால் அந்த அன்பையும் சேர்த்தே அறுத்திருப்போம். நபி (ஸல்) அவர்கள் தம் பேரர்களான ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்காகவும் ஓதிப் பாதுகாப்புத் தேடிய செய்தியைச் சொன்னோம். ஃபலக், நாஸ் அத்தியாயங்களைப் பேரனுக்கு இரவில் ஓதி ஊதும்படிக் கூறினோம். அவர் பேரனை அழைத்து, தம் கையாலேயே முடிச்சை அவிழ்த்தார்.

அந்தச் சோழி இப்போது நம் மக்தபின் அலமாரியில் இருக்கிறது. ஜகாத் பாடம் வரும்போது எடுத்து மாணவர்களின் கையில் கொடுக்கிறோம். ஒரு காலத்தில் வங்காளத்து ஏழையின் சோறாகவும், மாலி நாட்டுச் சந்தையின் காசாகவும், ஊய்தா துறைமுகத்தில் ஒரு மனிதனின் விலையில் ஒரு துளியாகவும் இருந்த ஓடு அது. ஈட்டிய செல்வத்தை எவ்வாறு ஈட்டினாய், எதில் செலவிட்டாய் என்று மறுமையில் கேட்கப்படும் என்பதை நாம் அறிவோம். அந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய சம்பாத்தியத்தை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.